சம்பந்தி கட்டிய மலைச்சுவர்

என் மாடி அறையில் ஓடுகிற ரயிலுக்கு ஒரு மலைப்பாதை போடலாம் என்று ஆரம்பித்தபோது, அதில் என் சம்பந்தி வந்து சேருவார் என்று நான் நினைக்கவே இல்லை.

எனக்கு மேலகரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. என் பெயர் இசக்கிமணி. வயலில் எரிந்துபோன மோட்டாரெல்லாம் என்னிடம்தான் வரும். கடை அடைத்தபிறகும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வேறு வேலை கிடையாது, மாடிதான். பிளைவுட் மேஜை போட்டு, தண்டவாளம் பதித்து, உள்ளங்கை நீளத்துக்கு ஓர் என்ஜினும் அதற்குப் பின்னால் பெட்டிகளும் ஓட விட்டிருக்கிறேன். ரயிலைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதைச் சுற்றி இருக்கிற ஊரையும் மலையையும் நாம்தான் செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் இறங்கிய எல்லாருக்கும் இது தெரியும்.

செங்கோட்டை தாண்டி ரயில் மேலே ஏறுகிற இடத்தில் ஒரு பக்கம் மலையை வெட்டியிருப்பார்கள். மண் சரியாமல் இருக்கக் கருங்கல் சுவர் எழுப்பியிருப்பார்கள். அந்தச் சுவர் சரியாக வந்தால்தான் பார்க்கிறவனுக்கு இது நம்ம பாதை என்று தோன்றும். இல்லாவிட்டால் பொம்மைக்கடை மாதிரி இருக்கும்.

நான் செய்கிற முறை ரொம்பச் சுலபம். ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் மிஞ்சுகிற ஃபோம் போர்டுத் துண்டுகளை வாங்கி வருவேன். மை தீர்ந்த பேனாவால் அதில் கல் கல்லாகக் கோடு போட்டு அழுத்துவேன். ஆற்றில் எடுத்த சொரசொரப்பான கூழாங்கல் ஒன்றால் மேலே தட்டித் தட்டி விடுவேன். பிறகு சாம்பல் நிறம் அடித்து, அது காய்ந்ததும் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓட விட்டால், இடுக்கில் போய் நிற்கும். ஒரே அளவில் கல் வரக் கூடாது. வந்தால் பாத்ரூம் டைல்ஸ் ஆகிவிடும். அவ்வளவுதான் வித்தை.

இனி சம்பந்தி. அவர் பெயர் நம்பிராஜன், சுரண்டை. போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் நல்ல உயரம், பேச்சு குறைவு. அவர் மகன் பேச்சிராஜுக்குத்தான் எங்கள் நிவேதாவைக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார், இப்போது ராஜஸ்தானில். அதனால் மகள் சுரண்டையில் மாமனார், மாமியாரோடுதான் இருக்கிறாள்.

கல்யாணத்தில் ஒரு வம்பு நடந்துவிட்டது. அன்றைக்கு நல்ல மழை. சுரண்டையில் இருந்து வந்த வேன்களில் ஒன்று பாதியில் நின்றுபோய், அதில் வந்தவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடிந்தது. அந்தப் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது. தீர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று பார்த்தால், சம்பந்தியின் கூடப்பிறந்த அண்ணன். சமையல்காரர் இதோ வருகிறது என்றார், வரவில்லை. அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அதோடு சம்பந்தியின் முகமும் மூடிவிட்டது.

சண்டை ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால்கூட முடிந்திருக்கும். எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். நான் போன் செய்தால் "சரி", "பாப்போம்" என்று இரண்டு வார்த்தைதான். மற்றதெல்லாம் அவர் மனைவி குருவம்மாள் மூலமாக வரும். நிவேதா போனில் எப்போதும் நல்லா இருக்கேன் என்பாள். ஆனால் மாமா பக்கத்தில் இருந்தால் எங்களோடு பேசும் குரல் தாழ்ந்துவிடும். என் மனைவி ஜெயசித்ராவுக்கு அதைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இதில் மகள் உண்டாகியிருந்தாள். வளைகாப்பு போட்டு அவளைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அதற்கு நாள் குறித்து அவர்கள் சொல்ல வேண்டும், முழு மனதாகச் சொல்ல வேண்டும். கேட்டபோதெல்லாம் "பாப்போம்" என்றே வந்தது. அனுப்ப மாட்டார் என்று இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அனுப்பினால், திரும்பிப் போய் அந்த வீட்டில் வாழப்போவது அவள்தானே. எங்கள் பயம் அதுதான்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் தென்காசியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நிவேதா கேட்டதால் சம்பந்தியே காரில் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் காரை விட்டு இறங்கவில்லை. ஜெயசித்ரா குடையோடு போய் நின்று கூப்பிட்டாள். இருக்கட்டும் தங்கச்சி என்று கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டார். நானும் போய் நின்றேன். அதற்கும் இருக்கட்டும்தான்.

நிவேதா கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, அப்பா மாடில ரயில் விடுதாங்க. ஒரு தடவ பாத்துட்டு வந்திருங்க. எனக்கும் அம்மாகிட்ட உக்கார நேரம் கெடைக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு செருப்பைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் நேரே மாடி ஏறிவிட்டார்.

மேஜையைச் சுற்றி வந்தார். ரயிலை ஓட விட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரோந்து போகிறவர் மாதிரி கூடவே நடந்தார். புளியரைப் பக்கம் டூட்டி பார்த்தவர், அந்த மலையில் ரயில் ஏறுவதை நிறையப் பார்த்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வளைவு வந்ததும் நின்றுவிட்டார். இங்கன சுவர் இருக்கணுமே என்று கேட்டார். இன்னும் செய்யவில்லை, நிறைய வேலை பிடிக்கும் என்று சொன்னேன்.

"நான் வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய பெரிய வாக்கியம் அதுதான்.

வளைவில் ரயில் ஏறி முடிகிற பாதிச் சுவர் அவருக்கு, ஏறத் தொடங்குகிற பாதி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவருக்கு ஃபோம் போர்டு பிடிக்கவில்லை. கல்லென்றால் கல்லாக இருக்க வேண்டுமாம். சிலை செய்கிற வெள்ளைப் பொடியைக் குழைத்துத் தட்டில் ஊற்றி, இறுகியதும் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொன்றாக அட்டையில் ஒட்டுவது அவர் திட்டம். நல்ல யோசனைதான். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். ஜெயசித்ரா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கல் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டார். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருந்தால் சரியாக இருக்கும் என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

சாரல் காலத்தில் அந்தப் பொடி லேசில் காயாது. குருவம்மாள் மதினி தட்டுகளை ஃபிரிஜ்ஜுக்குப் பின்னாலும் இன்வெர்ட்டர் மேலும் வைத்துக் காய வைப்பதாகவும், மாமா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை என்றும் நிவேதா போனில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி ஒரு ஸ்வீட் பாக்ஸைப் பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார். உள்ளே துண்டில் சுற்றிச் சுவர். பிரித்துக் காட்டினார்.

கற்கள் பெரிசு. கொஞ்சம் பெரிசு இல்லை, ரொம்பப் பெரிசு. நான் தண்டவாளம் ஓரம் நிற்க வைத்திருக்கிற பிளாஸ்டிக் ஆளின் இடுப்பு வரைக்கும் ஒரே கல் வந்தது. மலைப்பாதைச் சுவர் மாதிரி இல்லை, யானை கட்டுகிற இடத்துச் சுவர் மாதிரி இருந்தது. ஆனால் ஒட்டிய நேர்த்தி அப்படி ஒரு நேர்த்தி. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் தலைமயிர் போகாது.

ஜெயசித்ரா காபியோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

"அருமையா இருக்கு சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு சரி என்றார்.

பெண்ணைக் கொடுத்தவன் வேறு என்ன சொல்வது. பாயசத்துக்குப் பிறகு அவர் இந்த வீட்டுக்குள் வந்ததே பெரிசு. உங்கள் கல் பெரிசு என்று சொல்லி, அவர் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டால்? சுவர் எப்படி இருந்தால் என்ன என்று முடிவு செய்தேன். ஆனால் என் பாதியில் சிறிய கல், அவர் பாதியில் பெரிய கல் என்றால் பார்க்கிறவர்களுக்கு அவருடையது தப்பு என்று தெரிந்துவிடும். அதனால் நான் செய்து வைத்திருந்த பாதியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அவர் அளவுக்கே பெரிய கல்லாகக் கோடு போட்டு இன்னொன்று செய்தேன். நல்ல வேலையைக் கெடுப்பது நல்ல வேலை செய்வதைவிடக் கஷ்டம். பேனா போகவே மாட்டேன் என்கிறது.

ஞாயிறு தோறும் அவர் வந்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுவர், ஒவ்வொரு தடவையும் என் வாயிலிருந்து ஓர் அருமை. என் பாதியைப் பார்த்து அவரும் நல்லா இருக்கு என்றார். பேச்சும் கொஞ்சம் நீண்டது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது பற்றி, புளியரைப் பக்கம் யானை வந்தது பற்றி எல்லாம் சொன்னார். வளைகாப்புப் பற்றி மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஜெயசித்ரா தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் கேட்பாள், நாள் கேட்டீங்களா என்று. சுவர் முடியட்டும் என்பேன்.

சுவர் முடிந்தது. இப்படி வீட்டில் ரயில் விடுகிறவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம், அதில் படம் போடச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள். அந்தப் படத்தைப் போட எனக்கு மனசு வரவில்லை. கேமரா சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

முழு ரயிலையும் ஓட்டிப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி குடும்பத்தோடு வந்தார். குருவம்மாள் மதினியும் நிவேதாவும் கீழே ஜெயசித்ராவோடு இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மாடியில். சுவர் வைத்த பிறகு அந்த வளைவில் என்ஜினை மட்டும்தான் விட்டிருந்தேன். அது சின்னது, சுவரைத் தொடாமல் போய்விடும். அன்றைக்கு நீளப் பெட்டிகளை மாட்டினேன்.

வளைவில் நீளப் பெட்டி திரும்பும்போது அதன் நடுவயிறு உள்பக்கம் தள்ளும். அங்கேதான் அவர் சுவர். கல் பெரிசு என்பதால் தடிமனும் பெரிசு, தண்டவாளத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்து நின்றது. என்ஜின் போனது. முதல் பெட்டி கர்ரென்று சுவரை உரசி, சாய்ந்து படுத்துவிட்டது.

தண்டவாளத்தில் தூசி என்றேன். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டேன், மறுபடியும் படுத்தது. சக்கரத்தில் கோளாறு என்றேன். வேறு பெட்டி மாட்டினேன், அதுவும் படுத்தது. சாரலுக்குப் பிளைவுட் ஊறியிருக்கும் என்றேன்.

சம்பந்தி குனிந்து வளைவைப் பார்த்தார். சுவரில் பெட்டியின் நீல நிறம் ஈஷியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த முகம் போலீஸ்காரர் முகம்.

"சம்பந்தி, நான் ஒண்ணு கேப்பேன். உள்ளதச் சொல்லணும். இந்தச் சுவரு நல்லா இருக்கா?"

"அருமையா இருக்கு."

அவர் பிளாஸ்டிக் ஆளை எடுத்துச் சுவர் பக்கத்தில் நிற்க வைத்தார். "இந்த ஆளு இந்தக் கல்லத் தூக்கி வச்சிருப்பானா?"

நான் கவிழ்ந்த பெட்டியை எடுத்துத் துடைத்தேன். அவர் விடவில்லை. வச்சிருப்பானா என்று மறுபடியும் கேட்டார்.

"மாட்டான்" என்றேன்.

"பொறவு என்னத்துக்குவே வாரா வாரம் அருமை அருமைன்னீரு?"

நெருங்கிய சேக்காளிகளைக் கூப்பிடுகிற வே அவர் வாயிலிருந்து வந்ததைக் காதில் வாங்கிக்கொள்ளக்கூட எனக்கு நேரம் இல்லை. எனக்கும் அத்தனை வாரத்து எரிச்சல் ஏறிவிட்டது.

"நகத்துல பாதின்னுதானவே சொன்னேன். சுண்டுவிரல் நகத்துல பாதி. நீரு எதைப் பாத்து வெட்டுனீரு?"

"இதைப் பாத்துதான்" என்று வலது கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

சுண்டுவிரலில் நகம் வளர்த்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வளர்த்தது, நல்ல நீளம், நுனியைச் சீவி அழகாக வைத்திருப்பார். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. போனில் பேசும்போது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். காயில் கட்டுகிறவன் நகம் வளர்க்க முடியாது. சதையோடு வெட்டி வைத்திருக்கிற என் விரலை அவர் விரல் பக்கத்தில் வைத்தேன்.

அவர் இரண்டையும் பார்த்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "தொழில் தெரிஞ்ச ஆளு மில்லிமீட்டர்ல சொல்ல வேண்டியதுதான. நகம், முடின்னா ஆளுக்கு ஆளு மாறத்தான் செய்யும்."

"சரிவே, வெட்டுன பொறவு கண்ணால பாத்தா தெரியாதா?"

"முத நாளே தெரியும்."

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

அவர் குரல் அதற்கும் மேலே போனது. "எப்படிவே சொல்லுவேன்? ஏற்கெனவே பாயசத்துக்கு மூஞ்சியத் தூக்கிட்டுப் போனவன்னு ஊர்ல பேரு. உம்ம வீட்டுக்குள்ள வந்து, உம்ம அளவு சரியில்லன்னு வேற சொல்லணுமா? நீரே அருமைங்கீரு. நீரும் அதே மாதிரி வெட்டி வச்சிருக்கீரு. சரி, இந்த மனுஷனுக்கு இப்படித்தான் பிடிக்கும் போலன்னு ஒட்டிட்டு கெடக்கேன்."

"உமக்காகத்தானவே நான் நல்லா இருந்தத பிச்சுப் போட்டேன்."

"யாரு பிய்க்கச் சொன்னா?" என்று கத்தியவர், மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் இறங்கினார். "அந்தப் பாயசமும் அப்படித்தான். எங்கண்ணனுக்கு சுகரு முந்நூறுவே. அன்னைக்கு அவன் குடிச்சிருந்தா நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும். அவன் எந்திரிச்சிட்டான், தம்பிக்காரன் நான் எப்படி உக்காந்திருப்பேன்? எந்திரிச்சது எந்திரிச்சதுதான். திரும்ப எப்படி வந்து உக்கார? நீரும் ஏன்னு ஒரு வார்த்த சண்டைக்குக்கூட வந்து கேக்கல."

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். எங்கள் குரல் கீழே கேட்டுவிட்டது. முதலில் ஜெயசித்ரா, கையில் கரண்டி. பின்னால் குருவம்மாள் மதினி. ஜெயசித்ராவுக்கு முகமெல்லாம் வெளுத்திருந்தது. இவங்க ஏதாவது தெரியாமச் சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க அண்ணாச்சி என்று அழுகிற மாதிரி சொன்னாள். மதினி அதே நேரத்தில் தன் வீட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தார், சம்பந்தி வீட்டில் வந்து இப்படியா சத்தம் போடுவது என்று.

கடைசியாக நிவேதா வந்தாள். அவளால் வேகமாக ஏற முடியாது. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக வந்து, வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் எதுக்கு மாமா சுண்டுவிரல நீட்டிக்கிட்டு நிக்கிதீங்க?"

அப்போதுதான் கையை இன்னும் இறக்கவில்லை என்பதைக் கவனித்தோம். சம்பந்தி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. வயிறு குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஜெயசித்ரா கரண்டியோடு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரிய வைக்க நிவேதாவுக்கே ரொம்ப நேரம் ஆனது.

சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சுவரைப் பெயர்க்க ஆரம்பித்தார். எனக்கு அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஒவ்வொரு கல்லும் அவர் உட்கார்ந்து ஒட்டியது. இதை வீணாக்க வேண்டாம், கீழே பாலத்துக்கு அடியில் ஓடைக்குப் பாறையாகப் போடலாம் என்றேன். பாறைக்கு அந்த அளவு பொருத்தமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றை ஓடையில் வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இத முதல்லயே சொல்லக் கூடாதாவே" என்றார்.

இன்னொரு கல்லைப் பெயர்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஜெயசித்ராவிடம் சொன்னார்: "தங்கச்சி, வர்ற முகூர்த்தத்துல வளைகாப்ப வச்சிருவோம். புள்ளைய இங்க கூட்டிட்டு வந்திருங்க. அவளுக்கும் அம்மா சாப்பாடு சாப்பிடணும்னு இருக்கும்ல. நான் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வரத்தான போறேன், பாத்துக்கிடுவேன்."

ஜெயசித்ரா சரிங்க அண்ணாச்சி என்று சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். மதினி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்தார்.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. நிவேதா இப்போது எங்கள் வீட்டில் கீழ் அறையில் இருக்கிறாள். சுவரைப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம், இந்தத் தடவை ஸ்கேல் வைத்து. போன ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பல் நிறம் கலக்கினேன். சம்பந்தி எட்டிப் பார்த்துவிட்டு, இது கல்லாவே, கழுவாத சட்டி மாதிரி இருக்கு என்றார். உமக்குக் கண்ணாடி மாத்த வேண்டிய வயசு வந்தாச்சு என்றேன். மலையில் மழை பெய்தால் கல் கறுப்பாகத்தான் இருக்கும் என்று நான் கத்த, இத்தனை வருஷம் அந்த மழையில் நின்றவன் நான் என்று அவர் கத்த, அறையே அதிர்ந்தது.

கீழே இருந்து ஒருவரும் ஏறி வரவில்லை. மிக்சி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.